இன்ஜின் நின்ற பிறகு: வீட்டு சிமுலேட்டரில் பறப்பவர்களுக்கு, அறிகுறி பார்த்து வழி

பொழிச்சலூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் ஒரு சிமுலேட்டர் வைத்திருக்கிறேன். பிரமாதம் ஒன்றுமில்லை. மூன்று மானிட்டர், ஒரு சைடுஸ்டிக், இரண்டு த்ரஸ்ட் லீவர், காலுக்கு ரட்டர் பெடல், பழைய காரிலிருந்து கழற்றிய ஒரு சீட். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கம்பக்கத்துப் பையன்கள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தை ஏற்றவும் இறக்கவும் பழகிய மறுவாரமே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ரெண்டு இன்ஜினையும் நிறுத்திப் பாக்கலாமாண்ணா?"

போன மாதம் பிளஸ் டூ படிக்கும் ஒருவனுக்கு 34,000 அடியில் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டையும் நிறுத்தினேன். சத்தம் அடங்கியதுமே அவன் கை ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தது. மூக்கு ஏறியது. இடப்பக்க வேகப் பட்டையில் எண்கள் 250, 230, 210, 190 என்று மளமளவென இறங்கின. எதிரே பச்சை எழுத்துகள் சிவப்பாயின. "விழுந்துடக் கூடாதுன்னு தூக்கினேண்ணா" என்றான். தூக்கியதால்தான் விழுந்தான்.

அவனுக்காகத் தாளில் எழுதி ஒட்டிய குறிப்புகளின் விரிவுதான் இது. நான் பைலட் இல்லை. விபத்து அறிக்கைகளை வாசிக்கும் பழக்கமும் இந்த அறையில் கழித்த ராத்திரிகளும்தான் என் தகுதி. நிஜ காக்பிட்டில் உட்காருபவர்களுக்கு அவர்கள் கம்பெனியின் கையேடு இருக்கிறது. இது நம்மைப் போன்றவர்களுக்கு.

முதலில் ஒரு கணக்கு

பரங்கிமலை ரோட்டில் சைக்கிளை மூச்சு வாங்க மிதித்து ஏறிவிட்டு, இறக்கத்தில் பெடலை விட்டுவிட்டு வருவோமே, இன்ஜின் நின்ற விமானமும் அப்படித்தான் வருகிறது. கல் மாதிரி விழாது. மதுரையிலிருந்து சென்னை வரும் விமானம் உளுந்தூர்பேட்டைக்கு முன்பின்னாகவே இன்ஜினை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த வலுவுக்கு, கொண்டுவந்து இறங்கத் தொடங்கிவிடும். உள்ளே இருப்பவர்கள் காபி கப்பைக் கசக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரமெல்லாம் கிட்டத்தட்ட சறுக்கல்தான். யாருக்கும் தெரிவதில்லை.

ஏ320-க்கு மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்: சக்கரமும், இறக்கையின் பின்னால் நீளும் ஃப்ளாப்பும் உள்ளே இருக்க, காற்று அசையாமல் இருந்தால், ஆயிரம் அடி இறங்குவதற்குள் இரண்டரை நாட்டிகல் மைல், அதாவது நாலரை கிலோமீட்டர் சொச்சம் போகலாம். 36,000 அடியில் இருந்தால் சுமார் 165 கிலோமீட்டர். இனி உயரம்தான் உங்கள் டீசல்.

அந்தத் தூரம் கிடைக்க ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வரவேண்டும். ஏர்பஸ் திரையில் அது ஒரு பச்சைப் புள்ளி; பைலட்டுகள் கிரீன் டாட் என்பார்கள். திரை போய்விட்டால் மனக்கணக்கு: எடை எத்தனை டன்னோ அதை இரண்டால் பெருக்கி 85-ஐக் கூட்டுங்கள். 60 டன் என்றால் 205 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்). 20,000 அடிக்கு மேலே ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஒரு நாட் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன்கள் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று: ஆள் நிறைந்த விமானமும் காலி விமானமும் சறுக்கிப் போகும் தூரம் ஒன்றேதான். கனமானது கொஞ்சம் வேகமாகப் போய்ச் சேரும், அவ்வளவே.

அறிகுறி: சத்தம் அடங்கிவிட்டது, கோபைலட் பக்கத் திரைகள் இருண்டுவிட்டன

இரண்டு இன்ஜினும் நின்றால் அவை சுழற்றிய ஜெனரேட்டர்களும் நிற்கும். ஏ320-இல் கேப்டன் பக்கத் திரையும் எச்சரிக்கைத் திரையும் பிழைத்திருக்கும், மற்றவை கறுத்துவிடும். ஆட்டோபைலட் கழன்றுகொள்ளும். வயிற்றுப் பக்கத்திலிருந்து ராட் என்ற சின்னக் காற்றாடி தானாக வெளியே விழுந்து காற்றில் சுழலும். விமானத்தைத் திருப்பும் பாகங்களை அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்புகளில் நீலம் என்பதை அது உயிரோடு வைக்கும், அந்த ஹைட்ராலிக் ஒரு அவசர ஜெனரேட்டரைச் சுற்றும். வேகம் போனால் காற்றாடியும் போகும். 140 நாட்டுக்குக் கீழே அதை நம்பாதீர்கள். உங்கள் சிமுலேட்டரில் ராட் விழாமலே எல்லாத் திரையும் எரிந்தால், அந்த விமான மாடல் அரைகுறை என்று அர்த்தம். பழகுவதற்கு வேறு மாடலைத் தேடுங்கள்.

முதல் பத்து விநாடி: மூக்கை இரண்டு மூன்று டிகிரி தாழ்த்தி வேகத்தைப் பிடியுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: டேங்கில் எரிபொருள் இருக்கிறதா?

இருந்தால், இன்ஜினை எழுப்பப் பார்க்கலாம். த்ரஸ்ட் லீவர்களை ஐடிலுக்கு இழுத்து, இன்ஜின் மோடு சுவிட்சை இக்னிஷனுக்குத் திருப்புங்கள். காற்றே இன்ஜினைச் சுழற்றிவிட வேண்டும் என்பதால் வேகம் 280 முதல் 300 நாட் வரை வேண்டும். இங்கேதான் வயிறு கலங்கும். வேகம் கூட்ட மூக்கைத் தாழ்த்தினால் உயரம் கரையும், சறுக்கும் தூரம் சுருங்கும். முப்பது விநாடியில் எழவில்லை என்றால் இன்ஜினுக்கு எரிபொருளைத் திறந்து மூடும் மாஸ்டர் சுவிட்சுகளை அணைத்து, முப்பது விநாடி விட்டு மறுபடி போடுங்கள். 25,000 அடிக்குக் கீழே வந்ததும் வாலில் இருக்கும் குட்டி இன்ஜினான ஏபியூவை எழுப்புங்கள். 20,000-க்குக் கீழே அதன் காற்றை வைத்தே இன்ஜினைச் சுழற்றலாம் என்பதால், அந்தக் கட்டத்தில் கிரீன் டாட்டுக்குத் திரும்பி உயரத்தை மிச்சம் பிடிக்கலாம்.

டேங்க் காலி என்றால் இந்த வேலையே வேண்டாம். நேரே கிரீன் டாட். வறண்ட டேங்கை வைத்துக்கொண்டு 300 நாட்டில் பாய்ந்து உயரத்தைத் தின்ற பையன்கள் இந்த அறையில் நிறையப் பேர்.

அறிகுறி: ரன்வே தெரிகிறது, ஆனால் எட்டுமா எட்டாதா என்று புரியவில்லை

இதற்கு நான் வைத்திருக்கும் பயிற்சி விழுப்புரம். அந்த ஊருக்கு மேலே 36,000 அடி, டேங்க் காலி. மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் 140 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கையில் 165 கிலோமீட்டருக்கான உயரம். மிச்சம் 25 கிலோமீட்டர், ஆறாயிரம் அடிக்குக் கொஞ்சம் கீழே. போதும், ஆனால் தாராளம் இல்லை. வடகிழக்காக வந்து, அனகாபுத்தூர் பக்கம் கொஞ்சம் வலது திரும்பினால் ரன்வே 07.

ஜூலையில் இதையே நிஜக் காற்றோடு போட்டுப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் கீழே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, அந்த உயரத்தில் தலைகீழாகக் கிழக்கிலிருந்து பாயும். அந்தக் கீழைத் தாரைக் காற்றை விவரித்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். எதிர்க்காற்றில் கிரீன் டாட்டோடு சில நாட் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த மிச்ச ஆறாயிரம் அடி பாதியாகிவிடும்.

இன்னொரு கட்டம். செங்கல்பட்டுக்கு மேலே வரும்போது 9,000 அடிதான் இருக்கிறது. 9 பெருக்கல் 4.6, 41 கிலோமீட்டர். மீனம்பாக்கம் 39. கணக்கு எட்டுகிறது என்று நினைத்துப் போனவர்கள் எல்லோரும் பம்மல் வீட்டுக் கூரைகளில் போய் இறங்கினார்கள். திரும்புவதற்கும் சக்கரம் இறக்குவதற்கும் அந்த இரண்டு கிலோமீட்டர் போதாது. அந்த இடத்தில் தாம்பரம் விமானப்படைத் தளம் 28 கிலோமீட்டரில் கிடக்கிறது. மீனம்பாக்கத்தை விடக் குட்டை ரன்வேதான், அனுமதி கேட்க நேரமும் இருக்காது. அதுதான் சரியான பதில். மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளத்து ரன்வே நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். வேலூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் அதை மறக்க வேண்டாம்.

உயரம் கூடிப்போனால் பயப்படாதீர்கள், கரைக்கலாம். 2001 ஆகஸ்ட் 24 அன்று டொரன்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் 236, அட்லாண்டிக் நடுவே இரண்டு இன்ஜினும் நின்று 19 நிமிடம் சறுக்கி அசோர்ஸ் தீவுகளில் லாஜெஸ் தளத்தை அடைந்தது. அடைந்தபோது அவர்களுக்கு உயரம் அதிகம். கேப்டன் ராபர்ட் பிஷே ஒரு முழு வட்டம் அடித்து, பிறகு பாம்பு மாதிரி இடமும் வலமுமாக நெளிந்து இறக்கினார். உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

1983 ஜூலை 23-இல் கனடாவின் கிம்லியில் நடந்தது இன்னும் அழகு. ஏர் கனடாவின் போயிங் 767-க்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். கிலோவுக்குப் பதில் பவுண்டுக்கான பெருக்கெண்ணைப் போட்டுவிட்டதால் பாதிக்கும் குறைவாகத்தான் நிரப்பியிருந்தார்கள். 41,000 அடியில் வறளத் தொடங்கியது. கேப்டன் ராபர்ட் பியர்சனுக்கு இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிய பழக்கம் உண்டு. சறுக்கும் வேகம் கையேட்டில் இல்லை. 220 நாட் என்று ஊகித்தார். கோபைலட் மாரிஸ் குயின்டால் இழக்கும் உயரத்தையும் போன தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, வின்னிபெக் எட்டாது என்று சொன்னார். போனது பழைய விமானப்படைத் தளம். அங்கே அன்றைக்குக் கார் பந்தயக் கூட்டம்! கிட்டே வந்ததும் உயரம் அதிகம். பியர்சன் ஸ்டிக்கை ஒரு பக்கமும் ரட்டரை எதிர்ப்பக்கமும் போட்டு, விமானத்தை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடத்திக் கீழே கொண்டுவந்தார். 69 பேரில் ஒருவரும் சாகவில்லை.

சிமுலேட்டரில் அதைச் செய்து பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஏ320-இல் வேண்டாம், நெளிந்தே வாருங்கள்.

உயரம் குறைந்துபோனால் மூக்கைத் தூக்கி நீட்டப் பார்ப்பதுதான் பழைய பாவம். தூக்கினால் தூரம் குறையுமே ஒழியக் கூடாது. செய்யக்கூடியது இழுவையைக் குறைப்பது மட்டும். 2008 ஜனவரி 17 அன்று லண்டன் ஹீத்ரோவில் போயிங் 777 ஒன்று தரையிலிருந்து 720 அடியில் இருக்கும்போது இரண்டு இன்ஜினும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எரிபொருளில் இருந்த நீர் பனிக்கட்டியாகி ஆயில் வெப்பமாற்றியின் வாயை அடைத்திருந்தது. கேப்டன் ஃப்ளாப்பை 30-லிருந்து 25-க்குக் குறைத்தார். அந்தச் சின்ன மிச்சத்தில் ரன்வேக்கு முன்னால் நிற்கும் வழிகாட்டி ஆன்டெனாக்களைத் தாண்டிப் புல்லில் விழுந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

சக்கரத்தைக் கடைசிவரை வெளியே விடாதீர்கள். ராட்டில் ஓடும்போது அது கைப்பிடியை மூன்று சுற்றுச் சுற்றி இறக்கும் சக்கரம். இறங்கினால் திரும்ப ஏறாது. இறங்கிய பிறகு நாலரை கிலோமீட்டர் கணக்கும் செல்லாது. என் சிமுலேட்டரில் ஆயிரம் அடிக்கு மூன்று கிலோமீட்டர்கூடத் தேறுவதில்லை.

அறிகுறி: டேக்ஆஃப் ஆன உடனே தடதடவென்று சத்தம், கருகிய வாடை, இரண்டு பக்கமும் வலு போய்விட்டது

பறவைகள். பெருங்குடி குப்பைமேடும் பள்ளிக்கரணை சதுப்பும் இருக்கும் ஊரில் இதை நாம் பழகத்தான் வேண்டும்.

2009 ஜனவரி 15-இல் நியூயார்க்கில் ஏ320 ஒன்று 2,800 அடியில் கனடா வாத்துக் கூட்டத்தில் மாட்டியது. அடிபட்டதிலிருந்து ஹட்சன் ஆற்றில் இறங்கியதுவரை மூன்றரை நிமிடம் மட்டுமே. 155 பேரும் பிழைத்தார்கள். கேப்டன் சல்லன்பெர்கர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று ஏபியூவைப் போட்டது. இரண்டு இன்ஜினும் நின்றால் பார்க்க வேண்டிய கையேட்டுப் பட்டியலில் அது அவ்வளவு முன்னால் இல்லை. அந்தப் பட்டியலே உயரத்தில் நிறைய நேரத்தோடு இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது, அவர்களால் முழுக்க முடிக்க முடியவில்லை. பிறகு விசாரணையில் பைலட்டுகளை சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பார்த்தபோது, அடிபட்ட நொடியே திரும்பியவர்களில் சிலர் விமான நிலையத்தைத் தொட்டார்கள். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள 35 விநாடி சேர்த்துக் கொடுத்ததும் முடியவில்லை. நம் பையன்கள் "நானா இருந்தா திரும்பியிருப்பேன்" என்று சொல்லும்போதெல்லாம் இந்த 35 விநாடியை ஞாபகப்படுத்துவேன்.

மீனம்பாக்கத்தில் 07-இல் ஏறினால் மூக்குக்கு நேரே கிண்டி, அடையாறு, பிறகு கடல். ரன்வேயிலிருந்து கடற்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 3,000 அடி இருந்தால் அலைகளைத் தாண்டி விழலாம். 1,500 அடி என்றால் எதுவும் நல்ல பதில் இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடலில் இறக்கும்போது சக்கரம் உள்ளே, மூக்கு 11 டிகிரி மேலே, இறக்கை இரண்டும் சமமாக, அலை வரிசைக்கு இணையாக. ஒரு இறக்கை முனை முதலில் தண்ணீரைத் தொட்டால் விமானம் குட்டிக்கரணம் போடும். மார்கழிக் கடலின் ஏற்றஇறக்கத்தில் இதைச் செய்து பாருங்கள், ஹட்சன் எவ்வளவு அமைதியான தண்ணீர் என்று புரியும்.

நிலத்தில் இறங்கிப் பிழைத்தவர்களும் உண்டு. 2019 ஆகஸ்டில் மாஸ்கோ பக்கம் கடற்காகங்கள் அடித்த ஏ321 ஒன்று சக்கரத்தை இறக்காமல் சோளக்காட்டில் அமர்ந்தது, 233 பேரும் வெளியே நடந்தார்கள்.

அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். 2025 ஜூன் 12 அன்று ஏறிய சில விநாடிகளில் எரிபொருள் சுவிட்சுகள் இரண்டும் ஒரு விநாடி இடைவெளியில் கட்ஆஃபுக்கு (மூடிய நிலைக்கு) போனதாகவும், பத்து விநாடிக்குப் பிறகு திரும்ப ரன்னுக்கு (திறந்த நிலைக்கு) வந்ததாகவும் முதற்கட்ட அறிக்கை சொன்னது. ராட் வெளியே வந்திருந்தது. ஒரு இன்ஜின் மீளத் தொடங்கியிருந்தது. நின்ற இன்ஜின் முழு வலுவுக்கு வர எடுக்கும் நேரம் அந்த உயரத்தில் இல்லை. அதை இந்த அறையில் விளையாட்டாகப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எங்கள் வழக்கம்.

அறிகுறி: இரண்டு டேங்க்குக்கும் எரிபொருள் அளவு ஒத்துப்போகவில்லை

"ஒரு பக்கம் குறையுதுண்ணா, கிராஸ்ஃபீடு தொறந்து சமம் பண்ணிடவா?"

தொடாதே. கிராஸ்ஃபீடு என்பது இரண்டு பக்க எரிபொருளையும் இணைக்கும் வால்வு. முதலில் கூட்டிப் பார். புறப்பட்டபோது இருந்த எரிபொருள் ஒரு பக்கம். எரிந்ததும் மிச்சமும் சேர்ந்து இன்னொரு பக்கம். இரண்டும் பொருந்தினால் வெறும் சமநிலைக் கோளாறு, கிராஸ்ஃபீடு திறக்கலாம். பொருந்தாவிட்டால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகும் பக்கத்துக்கு நல்ல டேங்கைத் திறந்துவிடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதுதான்.

மேலே சொன்ன ஏர் டிரான்சாட்டில் நடந்தது இதுவே. வலது இன்ஜினில் பொருத்திய குழாய்கள் ஒன்றோடொன்று உரசி எரிபொருள் குழாய் கிழிந்திருந்தது. காக்பிட்டில் முதலில் தெரிந்தது எரிபொருளே இல்லை, ஆயில் வெப்பமும் அழுத்தமும் விநோதமாகக் காட்டின. பிறகு சமநிலை எச்சரிக்கை. ஞாபகத்திலிருந்தே கிராஸ்ஃபீடு திறந்தார்கள். இடது டேங்கும் அந்த ஓட்டை வழியாகக் கடலுக்குப் போனது. வலது இன்ஜின் நின்று 13 நிமிடத்தில் இடதும் நின்றது. அற்புதமாக இறக்கினார்கள் என்பதும் உண்மை, ஒரு கூட்டல் கணக்கில் ஒரு இன்ஜினையாவது காப்பாற்றியிருக்கலாம் என்பதும் உண்மை.

அறிகுறி: விமானம் ஒரு பக்கமாக இழுக்கிறது, அதிர்கிறது

ஒரு இன்ஜின் போயிருக்கிறது. எது? எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்கத்து இன்ஜின். நேராகப் போக வலது பெடலை அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் செத்தது இடது. காலைக் கேட்டபின் திரையைக் கேளுங்கள், இரண்டும் ஒன்றே சொன்னால் மட்டும் அணையுங்கள். அதுவும் ஒருவர் கை வைக்க இன்னொருவர் வாய்விட்டு "ஆமாம், இடது" என்று சொன்ன பிறகு. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் நல்ல இன்ஜினை அணைத்தார்கள், 47 பேர் இறந்தார்கள். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ஏடிஆர் 72 ஒன்றில் அதே தவறு, 43 பேர். இரண்டு விமானத்திலும் ஓடக்கூடிய ஒரு இன்ஜின் மிச்சம் இருந்தது. அவசரத்துக்கு இங்கே இடமே இல்லை. ஒற்றை இன்ஜினில் ஏ320 சௌகரியமாகப் பறக்கும்.

அறிகுறி: லீவரை அசைத்தால் இன்ஜின் அசையவில்லை

அரிது, சுருக்கமாக முடிக்கிறேன். 2010 ஏப்ரல் 13-இல் சுரபயாவிலிருந்து ஹாங்காங் போன கேத்தே பசிபிக் ஏ330-இல் அழுக்கு கலந்த எரிபொருளால் வால்வுகள் இறுகி, ஒரு இன்ஜின் 74 விழுக்காட்டிலும் மற்றது 17 விழுக்காட்டிலும் மாட்டிக்கொண்டன. குறைக்க முடியாத வலுவோடு 231 நாட்டில் தரை தொட்டார்கள். இந்த அறிகுறி வந்தால் கிட்ட இருக்கும் நீளமான ரன்வேயைப் பிடியுங்கள், தரை தொட்டதும் மாஸ்டர் சுவிட்சுகளை அணையுங்கள்.

அறிகுறி: கேப்டன் பக்கம் ஒரு வேகம், கோபைலட் பக்கம் வேறு வேகம்

எங்கள் மாடிக் கதவின் சாவித்துவாரத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை குளவி மண்ணை வைத்து அடைத்துவிடும். வேகம் அளக்கும் பிட்டோ குழாயும் அதற்குத் தோதான துளைதான். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசில் விழுந்த போயிங் 757-இல் சந்தேகம் அதன்மேல்தான், 189 உயிர். அதே ஆண்டு அக்டோபரில் லிமாவில் விமானத்தைக் கழுவியவர்கள் அழுத்தம் அளக்கும் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்தார்கள், 70 உயிர்.

இதில் இன்ஜினுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை மறக்காதீர்கள். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் ஃபிரான்ஸ் 447-இல் பிட்டோவில் பனி அடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் ஸ்டிக் பின்னால் இழுக்கப்பட்டு விமானம் 38,000 அடியில் ஸ்டால் ஆனது, அதாவது இறக்கை தூக்கும் வலுவை இழந்தது. அங்கிருந்து மூன்றரை நிமிடம் வயிற்றால் விழுந்தது, இன்ஜின்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்க. 228 பேர். நம் பிளஸ் டூ பையனின் கை செய்ததும் இதைத்தான்.

செய்யவேண்டியது: ஆட்டோபைலட்டையும் ஆட்டோத்ரஸ்ட்டையும் கழற்றிவிட்டு வேக எண்ணைப் பார்ப்பதை நிறுத்துங்கள். மூக்குக் கோணத்தையும் வலுவையும் பிடியுங்கள். ஏ320-இல் 10,000 அடிக்கு மேல் 5 டிகிரி, லீவர் கிளைம்ப் என்று குறித்த இடத்தில். அதற்குக் கீழே 10 டிகிரி. டேக்ஆஃப் ஆன கையோடு என்றால் 15 டிகிரி, முழு வலு. இந்தக் கோணமும் இந்த வலுவும் இருந்தால் வேகம் தன் இடத்தில் இருந்தே தீரும், காட்டும் கருவி என்ன உளறினாலும். மானிட்டரில் வேகப் பட்டையின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு அரை மணி பழகுங்கள்.

அறிகுறி: ஸ்டிக் கையோடு வருகிறது, விமானம் கேட்கவில்லை

மூன்று ஹைட்ராலிக்கும் போனால் இதுதான். நான் அதிகம் ராத்திரி தொலைத்தது இங்கேதான்.

இன்ஜின்கள் மட்டும் மிச்சம். அவை இறக்கைக்குக் கீழே தொங்குவதால் இரண்டுக்கும் வலு கூட்டினால் மூக்கு ஏறும், குறைத்தால் இறங்கும். இடதில் கூட்டி வலதில் குறைத்தால் விமானம் வலது திரும்பி மெல்லச் சாயும். கேட்க எளிது. இன்ஜின் பேச்சைக் கேட்கச் சில விநாடி ஆகும், அதற்குள் விமானம் வேறு மனநிலைக்குப் போயிருக்கும்.

கொல்லுவது ஊஞ்சல். மூக்கு தாழும், வேகம் ஏறும், ஏறிய வேகம் மூக்கைத் தூக்கும், வேகம் போகும், மறுபடி தாழும். ஒரு ஆட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடம். மூக்கு தாழ்ந்து வேகம் கூடும்போது எந்த மனிதக் கையும் வலுவைக் குறைக்கத்தான் போகும். தப்பு. தாழும்போது கூட்டணும், ஏறும்போது குறைக்கணும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை நிறுத்த அதன் போக்குக்கு எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக அணை கொடுப்போமே, அது. ஆட்டத்தின் உச்சியில் அல்ல, உச்சிக்கு வருவதற்கு முன்னாலேயே கை அசைய வேண்டும். லீவரை ஒரு விரல் அகலத்துக்கு மேல் நகர்த்தினால் நீங்களே ஊஞ்சலைத் தள்ளுகிறீர்கள்.

1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232-இல் வால் இன்ஜினின் விசிறித் தட்டு வெடித்து டிசி-10-இன் மூன்று ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்தது. பயணியாக வந்த பயிற்சி பைலட் டெனி ஃபிட்ச் காக்பிட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் லீவர்களைப் பிடித்துக்கொள்ள, கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் மற்றவர்களும் முக்கால் மணி நேரம் போராடி சூ சிட்டி ரன்வேக்குக் கொண்டுவந்தார்கள். தரை தொடும் நொடியில் ஊஞ்சல் கீழ்ப்பக்கம் இருந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். 2003 நவம்பரில் பாக்தாத்தில் ஏவுகணை பட்ட சரக்கு ஏ300-ஐ மூன்று பேர் இதே முறையில் முழுசாகத் தரையிறக்கினார்கள். 1985-இல் ஜப்பானின் 747-க்கு வாலின் செங்குத்துப் பகுதியே போய்விட்டிருந்தது. 32 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள், 520 பேர் இறந்தார்கள்.

என் புள்ளிவிவரம்: ஏழு மாதத்தில் ரன்வேக்குள் வந்தது நான்கு முறை. வேலிக்குள் வந்தால் போதும் என்று இப்போதெல்லாம் நினைக்கிறேன்.

போயிங் 737 ஓட்டுபவர்களுக்கு ஒரு ஆறுதல். அதில் கம்பி வழியாகக் கையாலேயே இழுக்கலாம், ஆற்றில் இறங்கிய எருமையைக் கரைக்கு இழுப்பதுபோல.

அறிகுறி: கண்ணாடியில் பொறி பறக்கிறது, உள்ளே கந்தக வாடை, நாலு இன்ஜினும் ஒவ்வொன்றாக நிற்கிறது

எரிமலைச் சாம்பல். சென்னைக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் 1982 ஜூன் 24 அன்று மாட்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாகப் போன சர்வீஸ். ஜாவாவின் கலுங்குங் மலைச் சாம்பல் இன்ஜினுக்குள் உருகிக் கண்ணாடியாக ஒட்டியது. 37,000 அடியிலிருந்து சறுக்கிச் சாம்பலுக்கு வெளியே வந்ததும், ஆறி உதிர்ந்தது. 13,500 அடி வாக்கில் இன்ஜின்கள் எழுந்தன. கேப்டன் எரிக் மூடி, மணலால் தேய்த்ததுபோல் ஆகிவிட்ட முன்கண்ணாடியின் ஓரத்து இடுக்கு வழியாகப் பார்த்து ஜகார்த்தாவில் இறக்கினார்.

சாம்பலில் வலுவைக் கூட்டாதீர்கள், சூடு ஏறினால் இன்னும் ஒட்டும். ஐடிலுக்குக் கொண்டுவந்து, திரும்பி, வெளியே.

அறிகுறி: தரை தொட்டாகிவிட்டது, பிரேக் பிடித்தது, இப்போது பிடிக்கவில்லை

இதை யாரும் கேட்பதில்லை, நான்தான் சேர்க்கிறேன். இன்ஜின் இல்லாமல் இறங்கினால், இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் த்ரஸ்ட் கிடையாது. பிரேக்குக்கு ஒரு சேமிப்புக் கலனில் இருக்கும் அழுத்தம் மட்டும். ஏ320-இல் அது ஏழு முழு அழுத்தத்துக்கு வரும். அழுத்தியதை விடாமல் பிடிக்க வேண்டும். டயர் வெடித்தால் வெடிக்கட்டும், ஏர் டிரான்சாட்டுக்கும் வெடித்தது.

பிளஸ் டூ பையன் போன ஞாயிறு விழுப்புரத்திலிருந்து கிரீன் டாட்டில் ஆடாமல் அசையாமல் வந்தான். 07-இன் வாசலை நாற்பது அடியில் தாண்டினான். அறையில் கைதட்டல். தரை தொட்டதும் பைக் ஓட்டும் பழக்கத்தில் பெடலை விட்டு விட்டு மிதித்தான். நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவது மிதிக்குக் கால் பலகை வரை போனது, 60 நாட்டில் ரன்வே முடிந்தது.

"அண்ணா, இன்னொரு தடவை விழுப்புரத்துல வைங்கண்ணா" என்றான்.